மாட்டுக் கொட்டகைப் புறாக்கள்: விரட்டினாலும் குறையாதது ஏன்?

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் மாட்டுக் கொட்டகைகள் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் இருக்கும். மேலே தகரக் கூரை, அதைத் தாங்க இரும்பு உத்திரங்கள், வெக்கை வெளியேற நாலாபுறமும் திறப்பு. தொட்டியில் தவிட்டையும் உடைத்த சோளத்தையும் கொட்டிவிட்டு ஆள் நகர்ந்ததும் உத்திரத்திலிருந்து மாடப்புறாக்கள் இறங்கும். கைதட்டினால் எழும்பும், தட்டிய கை ஓய்வதற்குள் மறுபடியும் தொட்டிக்குள் நிற்கும்.

இந்தப் பறவையின் காட்டு மூதாதை மலேசியாவைச் சேர்ந்ததல்ல. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பகுதிகளின் பாறைச் சரிவுகளில் கூடு வைத்து வாழ்ந்த இனம் அது. மனிதர் அதைப் பிடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் வளர்த்தனர்; வளர்ப்பிலிருந்து தப்பியவற்றின் சந்ததிதான் இன்று ஊர் ஊராகத் திரிகிறது. பழைய குணம் மட்டும் மாறவில்லை. கூடு கட்ட மரக்கிளையை அது நாடுவதில்லை. மழை படாத, தட்டையான, உயரமான விளிம்புதான் வேண்டும். அந்த வகையில் நம் கொட்டகை உத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்திலேயே தீனியும் தண்ணீரும் வேறு.

ஆனால் இடம் கிடைத்துவிட்டதால் மட்டும் கூட்டம் பெருகிவிடாது. பெருக்கத்தின் சூட்சுமம் புறாவின் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் இருக்கிறது. சிட்டுக்குருவியும் தானியம் தின்னும் பறவைதான். ஆனாலும் குஞ்சு பொரித்தால் அதற்குப் புழுவும் பூச்சியும் தேடி அலையவேண்டும். வளரும் உடலுக்குத் தானியத்தில் உள்ள புரதம் போதாது. புறாவுக்கு இந்த அலைச்சல் கிடையாது. அடைகாக்கும் நாட்களிலேயே புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து தீனிப்பையின் உள்சுவரைத் தடிக்கச் செய்கிறது. பாலூட்டிகளில் பால் சுரக்க வைப்பதும் இதே ஹார்மோன்தான். தடித்த சுவரின் செல்களில் கொழுப்பும் புரதமும் நிறைந்து, அவை அப்படியே உதிர்கின்றன. பிசைந்த பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் நிறக் கட்டி அது. புறாப் பால் என்பார்கள். தாய் மட்டுமல்ல, தந்தையும் அதைச் சுரக்கும். பிறந்த முதல் சில நாட்கள் குஞ்சுக்கு இது ஒன்றே உணவு. இரண்டே நாளில் அதன் எடை இரட்டிப்பாகிவிடும்.

அதாவது, நீங்கள் மாட்டுக்கு வைத்த சோளத்தைக் குஞ்சுக்கான பாலாக மாற்றும் வித்தை புறாவிடம் இருக்கிறது. பூச்சிப் பருவத்துக்காக அது காத்திருக்கவேண்டியதில்லை. நமக்குக் குளிர்காலமும் இல்லாததால் ஆண்டு முழுவதும் இரண்டிரண்டு முட்டையாக இட்டுக்கொண்டே இருக்கும். அடைகாக்கப் பதினெட்டு நாட்கள், குஞ்சு பறக்கச் சுமார் ஒரு மாதம். முதல் ஈடு கூட்டைவிட்டுப் போவதற்குள் அடுத்த ஈடு முட்டை வந்திருப்பதும் உண்டு.

சுட்டும் பிடித்தும் தீர்த்துவிடலாம் என்பவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைப் பார்க்கவேண்டும். 1961 முதல் 1985 வரை அங்கே சுமார் 1 லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை குறையவே இல்லை. சாதாரணமாக, இளம் புறாக்களில் பெரும்பகுதி தீனிக்கான போட்டியில் தோற்று முதல் ஆண்டிலேயே மடியும். பெரியவற்றைக் கொன்றால் அந்தப் பங்கு இளசுகளுக்குக் கிடைத்து, சாகவேண்டியவை பிழைத்துக்கொள்கின்றன. 1988-இல் பாசல் வழியை மாற்றியது. தீனி போடாதீர்கள் என்று மக்களிடம் பேசியது. புறாக்கூண்டுகள் அமைத்து, அவற்றில் இட்ட முட்டைகளை அகற்றியது. நான்கைந்து ஆண்டுகளில் எண்ணிக்கை பாதியானது. புண்ணியம் என்று கோயில் வாசலில் அரிசி இறைக்கும் நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் என்ன பேச்சு கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மனிதக் காதுக்குக் கேட்காத உச்ச ஒலியை எழுப்பிப் பறவைகளை விரட்டும் என்று விற்கப்படும் மிகையொலிக் கருவியை வாங்குவது வீண் செலவு. மனிதக் காதுக்கு எட்டும் உச்ச சுருதியே புறாவுக்குக் கேட்காது. அதற்கும் மேலான ஒலியை வைத்து எதை விரட்டுவது? பிளாஸ்டிக் ஆந்தை சில நாட்கள் பயமுறுத்தும், பிறகு அதன் தலையிலேயே எச்சம் விழும். செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். கூகை இரவில் எலி பிடிக்கும் பறவை. புறா விவகாரத்தில் அதை நம்பமுடியாது. பிடித்துத் தூரத்தில் விடுவதிலும் பயனில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வீடு திரும்பும் இனம் இது.

ஒரு புறா நாளுக்குச் சுமார் 30 கிராம் தின்னும். நூறு புறாக்கள் என்றால் 3 கிலோ; ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் மேல். ஆகவே பூட்டவேண்டியது தீனியைத்தான். மூட்டையைத் திறந்து வைக்காமல் இறுக்கமான மூடியுள்ள பீப்பாயில் கொட்டிவையுங்கள். புறா இருட்டில் மேயாது என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்: தானியத் தீவனத்தை விடியுமுன் பால் கறக்கும்போதும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துவிட்டு, பகலில் புல் மட்டும் போட்டால் புறாவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அடுத்தது வலை. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும். மைனாவையும் தடுக்கச் சிறிய கண் வாங்கினால் தூசியும் ஒட்டடையும் அடைத்துக் காற்றோட்டம் குறையும். மாடு வெக்கையில் வாடும், பாலும் குறையும். அதனால் பக்கங்களை மூடாமல், உத்திரங்களுக்குக் கீழே கூரைக்கு இணையாக வலையை விரித்துக் கட்டுவதே இங்கே பொருந்தும். காற்று வழக்கம்போல் ஓடும், உட்காரும் இடம் மட்டும் போய்விடும். வலை எட்டாத விளிம்புகளில் 45 பாகைக்கு மேல் சரிவாகத் தகடு அடித்தால் கால் வழுக்கும். கட்டுவதற்கு முன் மேலே குஞ்சு இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். உள்ளே அடைபட்டுச் செத்தால் நாற்றமும் புழுவும் உங்கள் தலைக்கு.

பழைய எச்சத்தை மட்டும் காய்ந்தபடியே பெருக்கக்கூடாது. அந்தத் தூசியில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கக்கூடும். மூச்சு வழியே நுரையீரலுக்குள் போய், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு மூளை உறை அழற்சி வரை கொண்டுபோய்விடும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவும் உண்டு, அது தீவனத்திலும் தண்ணீரிலும் விழும் எச்சத்தோடு மாட்டுக்குப் போகிறது. பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள், கோழிகளைத் தாக்கும் நியூகாசில் என்ற வைரஸ் நோயையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு சுரண்டி எடுங்கள்.