கத்தி வைத்தால் புற்றுநோய் பரவுமா?

"கட்டியில கத்தி வைக்க விடாதேங்கோ, உடம்பெல்லாம் பரவிப்போடும்." மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்து திருகோணமலை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருகிறவருக்கு யாராவது ஒரு தெரிந்தவர் இப்படிச் சொல்லித்தான் அனுப்புவார். இதை நம்பி, கட்டியில் ஊசியாலோ கத்தியாலோ சிறு துண்டெடுத்துப் பார்க்கிற பயொப்சியைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. ஊசி போன வழியில் கலங்கள் ஒட்டி வளர்வது மிக அரிது. அதைவிட, புற்றுநோய் கத்திக்காகக் காத்திருப்பதும் இல்லை. எலிகளில் அளந்து பார்த்தபோது, ஒரு கிராம் கட்டியே நாளொன்றுக்குப் பல இலட்சம் கலங்களைக் குருதிக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் உடம்பு முழுக்கக் கட்டி முளைக்க வேண்டுமே?

முளைப்பதில்லை, ஏனென்றால் போகிற வழி அவ்வளவு கொடியது. புற்றுநோய்க் கலம் பெரும்பாலும் 15 முதல் 20 மைக்ரோமீற்றர் அகலம். நுரையீரலின் மயிர்த்துளைக் குழாயோ 10 மைக்ரோமீற்றர்கூட வராது. நெரிபட்டு உள்ளே நுழைகிற கலத்தைக் குருதி ஓட்டம் இழுத்துக் கிழிக்கிறது. தப்பினதை நோயெதிர்ப்புக் கலங்கள் தின்கின்றன. சில கெட்டிக்காரக் கலங்கள், குருதியை உறையவைக்கிற சிறுதட்டுகளை மேலே போர்த்திக்கொண்டு ஒளிந்துவிடும். 1970இல் ஐசாயா ஃபிட்லர் என்ற புற்றுநோய் ஆய்வாளர் கதிரியக்க அடையாளமிட்ட கலங்களைச் சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்: நூற்றுக்கு ஒன்றுகூடக் கட்டியாகவில்லை. கொத்தாகப் போகிற கலங்கள்தான் பொல்லாதவை. 2014இல் வெளிவந்த சுண்டெலி ஆய்வில், தனிக்கலத்தைவிட அவற்றுக்கு 23 முதல் 50 மடங்கு வரை கூடிய பரவும் வலு இருந்தது.

பிழைத்தாலும் எங்கே வேரூன்றுவது? 1889இலேயே ஸ்டீவன் பேஜெட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர், 735 மார்புப் புற்றுநோயாளிகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் பறக்கும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றார். குருதி எங்கே முதலில் போகிறதோ அங்கேதான் நோய் என்று பின்னாளில் மற்றவர்கள் வாதாடினார்கள். ஃபிட்லரின் குழு 1980இல் சுண்டெலியின் உடம்பில் நுரையீரல் துண்டையும் சிறுநீரகத் துண்டையும் ஒட்டவைத்து மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் கலங்களை ஏற்றியது. நுரையீரல் துண்டில் கட்டி வந்தது, சிறுநீரகத் துண்டில் வரவில்லை. பேஜெட் சொன்னது சரிதான்.

படிப்படியாகப் பரவும் என்ற நம்பிக்கையும் ஆட்டங்கண்டிருக்கிறது. முதலில் நிணநீர்க் கணு, பிறகு ஈரல் என்ற கணக்கில்தான் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரின் காலத்தில் மார்பு, நெஞ்சுத் தசை, கமக்கட்டுக் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினார்கள். 1971இல் பேர்னாட் ஃபிஷர் என்ற இன்னொரு அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கிய பரிசோதனை, கூட வெட்டியதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. பெருங்குடல் புற்றுநோயில் மரபணுக்களை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கணுவில் இருந்த கலங்களும் தொலைவில் இருந்தவையும் மூலக்கட்டியிலிருந்து வெவ்வேறாகப் புறப்பட்டவை. இதை எல்லாப் புற்றுநோய்க்கும் பொருத்திவிடக் கூடாது: வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப் புற்றுநோயில் கழுத்துக் கணுக்களை எடுப்பது இன்றும் உயிர் காக்கிறது.

இப்போது பேஜெட் சொன்ன அந்த நிலத்துக்கும் வைத்தியம் நடக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு எலும்பை உறுதியாக்கும் பிஸ்பொஸ்பொனேற் மருந்தையும் கொடுத்தால் எலும்பில் நோய் திரும்புவது குறைகிறது. இந்த மருந்து எலும்புத் தேய்வுக்கும் கொடுக்கப்படுவதுதான்.