கேட்டலாக்: பட்டியலா, விளக்க அட்டவணையா?

திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடையில் கேட்டலாக் கேட்டால் மாதிரி அட்டைகள் ஒட்டிய தடித்த ஆல்பத்தை மேசைமேல் வைப்பார்கள். பெயின்ட் கடையில் கேட்டால் நிறக்கட்டங்கள் அச்சிட்ட மடிப்புத் தாள் வரும். கலை அருங்காட்சியகத்தில் கேட்டாலோ, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய நூல் ஒன்று வரக்கூடும். மொழிபெயர்ப்பவர்கள் இவை மூன்றையும் 'பட்டியல்' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் அது போதும், மூன்றாவதற்குப் போதாது.

சொல்லின் ஊர் கிரேக்கம். 'கட்டா' என்றால் கீழாக, முற்றாக. 'லெகெய்ன்' என்றால் பொறுக்குதல், எண்ணுதல், சொல்லுதல். எண்ணிக்கையும் எண்ணமும் நமக்கு 'எண்' என்ற ஒரே வேரில் அடங்குவதைப் போலத்தான். கட்டாவும் லெகெய்னும் சேர்ந்த 'கட்டலோகோஸ்' ஒன்று விடாமல் எண்ணிச் சொல்வதைக் குறித்தது. ஏதென்ஸில் படைக்கு எடுத்தவர்களின் பெயரேட்டுக்கும் அதுதான் பெயர். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம் கடைத்தெருவுக்கு வந்தது.

கலையுலகில் அது முதலில் மெலிந்தே இருந்தது. 1673இல் பாரிஸ் கண்காட்சிக்கு அச்சிட்டதன் பெயரே 'லிவ்ரே', அதாவது சிறுநூல். இன்ன படம், இன்னார் வரைந்தது, அவ்வளவுதான். பாரிஸ் கலை வணிகர் ஜெர்செய்ன், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் அச்சுப்படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தொகுத்தது, அவர் இறந்தபின் 1751இல் வெளிவந்தது. ஒரு கலைஞரின் படைப்புகளை முழுதாகத் தொகுத்து ஆராயும் நூல்வகைக்கு அதையே முன்னோடி என்பார்கள். வணிகர் கையில்தான் ஆய்வு தொடங்கியது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகவே இருக்கிறது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் உலோகத் திருமேனிகளுக்கு கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் 1932இல் இத்தகைய நூல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பொதுவாக இப்படிப்பட்ட நூலின் ஒரு பதிவில் உருவத்தின் பெயர், கிடைத்த ஊர், உயரம், கைகளில் ஏந்தியிருப்பவை, காலக்கணிப்பு ஆகியவை வரும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நினைவுக்கு வரும். முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு வரை எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைக் கோயில் முழத்தால் அளந்து கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பாதாதிகேசாந்தம், அதாவது அடி முதல் முடி வரை இத்தனை முழம், இத்தனை விரல். திருக்கைகள் இத்தனை. கனமாகச் செய்தது. பீடத்துக்கும் பிரபைக்கும், அதாவது திருவாசிக்கும், தனித்தனி அளவு. பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும், மணிகள் பதித்த நகைகளை 'தட்சிணமேருவிடங்கன்' என்ற எடைக்கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். கிரேக்கன் சொன்ன 'முற்றாக எண்ணுதல்' இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நூலகத்தார் 'நூற்பட்டி' என்கிறார்கள். அது நூலுக்கு மட்டுமே பொருந்தும். ஓலைச்சுவடிகளோடு புழங்குகிறவர்கள் 'சுவடி விளக்க அட்டவணை' என்ற தொடரை நெடுநாளாக ஆள்கிறார்கள். ஏட்டின் எண்ணிக்கை, தொடக்கம், முடிவு, சிதைவு எல்லாம் அதில் இருக்கும். அதே வேலையைச் சிலைக்கும் ஓவியத்துக்கும் செய்யும் நூலை 'விளக்க அட்டவணை' என்பதே என் தேர்வு. புதுச்சொல் படைக்கத் தேவையில்லை. 'அட்டவணை' என்றதும் பள்ளிக்கூடப் பாடவேளை நினைவுக்கு வருகிறதே என்பார்கள். 'விளக்க' என்ற அடைமொழி அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கண்காட்சியை ஒட்டி வருவது 'கண்காட்சி நூல்'. அழைப்பிதழ் கடையில் இருப்பது கேட்டலாக்காகவே இருக்கட்டும்.

அருங்காட்சியகம் புதிதாகச் சேர்த்தவற்றைச் சிலர் 'கையகப்படுத்தியவை' என்று எழுதுகிறார்கள். நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்ததுபோல் இருக்கிறது. ஜவுளிக்கடைப் பலகையில் இருக்கும் 'புதிய வரவுகள்' போதும்.

விளக்க அட்டவணையில் நான் முதலில் தேடும் வரி வேறு: பொருள் யார் யார் கைமாறி வந்தது என்பது. 'உடைமை வரலாறு' என்று அதைச் சொல்லலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது அந்த வரலாறும் தாளில் இருந்தது. தாள்தான் போலி. அதே நடராசர் கோயிலில் இருந்தபோது எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது. 2014இல் சிலை நாடு திரும்பியது.