பச்சை உடம்புக்காரியிடம் சொல்லாதீர்கள்

"பச்சை உடம்புக்காரி சிஸ்டர், அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்." குறைமாதக் குழந்தைகள் பிரிவின் வாசலில் மாமியாரோ, பெற்ற தாயோ, சில சமயம் கணவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது இது. அக்கறையில்தான் சொல்கிறார்கள். நானும் பல வருடம் தலையாட்டியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. 27 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, 880 கிராம். ஆறாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. சாயங்காலம் நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றார்கள் வீட்டார். பத்து மணிக்கு அந்தப் பெண் காதில் பஞ்சும் தலையில் துண்டுமாக, பீய்ச்சிய பாலை எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். "நேற்றைவிட இன்று அதிகம் வந்திருக்கிறது சிஸ்டர்" என்றாள். வாங்கிக்கொண்டேன். பெயரும் நேரமும் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்தேன். அதற்குள் குழந்தையை அடக்கம் செய்யக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தப் பாலை யாருக்காக எடுத்துவைத்தேன்?

சாவு எங்களுக்குப் புதிதில்லை. அன்றாடம் உறுத்துவது, வலி கொடுப்பதும் நம் கைதான் என்பது. இந்தக் குழந்தைகளின் தோல் வெங்காயச் சருகு போல இருக்கும். பிளாஸ்திரியைச் சற்று அவசரமாக எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும்; வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உரிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைக்குக் குதிகாலில் குத்தும்போது அழும். ஆனால் சத்தம் கேட்காது. வென்டிலேட்டர் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் முகம் மட்டும் சுருங்கி, வாய் திறந்து மூடும். 1980கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே பரவலாக இருந்தது. போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சைகூடச் செய்தார்கள். குறைமாதக் குழந்தைகளை வைத்து கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தது. அந்த ஊமை அழுகையை ஒரு முறை பார்த்தவருக்கு ஆய்வே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

குத்துவதற்கு முன் நாக்கில் சில சொட்டுத் தாய்ப்பால் விட்டால் வலி குறைகிறது. ஆக, அந்தக் கிண்ணத்துக்காரிதான் எங்களிடம் உள்ள எளிய மருந்து. அவளைத்தான் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைக்கிறோம். குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் சேர்த்து வைக்கும் கங்காரு முறை கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கியது. உடல்நிலை சீரான பிறகே அப்படி வைக்கலாம் என்றுதான் வெகுகாலம் இருந்தோம். இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கெடுத்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே மார்பில் சேர்த்தபோது முதல் 28 நாள் மரணங்கள் கால்வாசி குறைந்தன. தொற்று வந்துவிடும் என்று தாயைத் துரத்திய தலைமுறைச் செவிலியர்களில் நானும் ஒருத்தி. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சிகிச்சையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்ற பேச்சும் தாழ்வாரத்தில்தான் நடக்கும். அப்பா, தாத்தா, மாமா நிற்பார்கள். தையல் போட்ட வயிற்றோடு அம்மா மேல்மாடியில் படுத்திருப்பாள். "உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்கள் சிஸ்டர்?" என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. சக்கர நாற்காலியை அனுப்புகிறேன், அவளும் வரட்டும் என்கிறேன். சில வீட்டாருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னொன்று, "நன்றாக இருக்கிறது" என்று நாம் போகிறபோக்கில் சொல்லும் பதில். ஆக்சிஜன் கொடுத்து வளர்த்த குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்த நாளங்கள் தாறுமாறாக வளரலாம். அதனால்தான் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 90க்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் நிறுத்தப் பாடுபடுகிறோம். மானிட்டர் அலறலை அடக்க ஆக்சிஜன் குமிழைக் கூட்டித் திருகிவிட்டுப் போகும் சபலம் இரவு டியூட்டியில் யாருக்கும் வரும். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆகவேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். நன்றாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய தாய், வீட்டுக்குப் போனபின் அந்தத் தேதியைத் தவறவிடுகிறாள். தாமதமானால் போன பார்வை திரும்பாது.

அந்தப் பெண் இரண்டு வருடம் கழித்து அடுத்த பிரசவத்துக்கு வந்தாள். என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. "அவளுக்குத் தலைமுடி இருந்ததா சிஸ்டர்? எப்போதும் குல்லாய் போட்டிருந்தீர்களே" என்றாள். நிறைய இருந்தது என்றேன்.

சுருட்டையா என்று கேட்டாள்.