டென்டுக்குள் கரி வேண்டாம்

ஈஸ்டர் விடுமுறை முடிந்த வாரமும் ஜனவரி பிறந்த வாரமும் எங்கள் கிளினிக்கில் ஒரே மாதிரி இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே போய்க் கடலோரக் காட்டில் டென்ட் போட்டுத் தங்கியவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கேப் விடால், சோட்வானா பே, கோசி பே என்று இடம் மாறும். கொண்டுவருகிற உபாதை அவ்வளவாக மாறாது. உள்ளங்காலில் தீக்காயம், வீட்டில் எல்லாருக்கும் சேர்ந்து தலைவலியும் வாந்தியும், பத்து நாள் கழித்துக் காய்ச்சல். போவதற்கு முன்னால் இவர்கள் என்னிடம் கேட்டதோ ஒரே கேள்விதான்: "டாக்டர், அங்கே சிறுத்தை வருமாமே?"

சிறுத்தை இருக்கிறது. கழுதைப்புலியும் இருக்கிறது, இறைச்சி வைத்த கூலர் பாக்ஸை வெளியே விட்டால் ராத்திரி தூக்கிக்கொண்டு போய்விடும். நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு இருட்டியதும் புல் மேயக் கரையேறும். அந்தப் பக்கத்துச் சின்ன ஊரான செயின்ட் லூசியாவில் தெருவிலேயே நடக்கும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குக் கிளம்பாதீர்கள். விலங்கைப் பற்றி இவ்வளவு போதும். அவற்றுக்குப் பயந்தும், மழைக்குப் பயந்தும், ராத்திரி எல்லாவற்றையும் டென்டுக்குள் இழுத்துப் போட்டு ஜிப்பை மூடிக்கொள்கிறோமே, என் கவலை அதைப் பற்றியது.

பிராய், அதாவது கரி நெருப்பில் இறைச்சி சுடுவது, முடிந்திருக்கும். சாப்ஸும் சாசேஜும் தீர்ந்திருக்கும். கடல்காற்று ஜில்லென்று அடிக்கும், தூறலும் சேர்ந்துகொள்ளும். கரி இன்னும் கனன்றுகொண்டுதானே இருக்கிறது, வீணாவானேன், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கதகதப்பாக இருக்கட்டும் என்று யாராவது ஒருவர் அந்தத் தட்டை டென்டுக்குள் தூக்கி வைப்பார். புகை இல்லை, நாற்றம் இல்லை, கண் எரியவில்லை. பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். புகை அடங்கிச் சிவந்து கனலும் கரிதான் கார்பன் மோனாக்சைடு வாயுவை நிறைய விடுகிறது. மேலே சாம்பல் பூத்து அணைந்துபோனதுபோலத் தெரிந்தாலும் மணிக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வாயு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலை வலிக்கும், பிறகு குமட்டும், பிறகு கைகால் சொன்னபடி கேட்காது. என்ன நடக்கிறது என்று புரிகிற நேரத்தில் எழுந்து ஜிப்பைத் திறக்கத் தெம்பு இருக்காது. தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகளும் கிடையாது. "ஜன்னல் வலையைத் திறந்துதான் வைத்திருந்தோம்" என்பார்கள். வலை வழியாகப் போகிற காற்று இதற்குப் போதாது. மழையில் நனைந்த துணி காற்றை இன்னும் குறைவாகவே விடும். கேஸ் ஹீட்டர், பாரஃபின் ஸ்டவ், டென்ட் வாசலில் ஓடும் ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இதில் எங்களையே ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. குடும்பம் முழுக்கத் தலைவலி, வாந்தி என்று காலையில் எழுந்தால் பழி நேற்றுப் பொரித்த மீன்மேல் போகும். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பலரிடம் இருக்கிறது. அதை விரலில் மாட்டிப் பார்த்தால் 98 காட்டும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஹீமோகுளோபினில் உட்கார்ந்திருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தச் சின்னக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த எண்ணை நம்பாதீர்கள். டென்டுக்கு வெளியே வந்தால் தலைவலி குறைகிறது, உள்ளே போனால் கூடுகிறது என்றால் அதுவே போதுமான சாட்சி.

எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள். சாதாரணக் காற்றை மூச்சிழுத்தால் ரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். அதனால்தான் "இப்போது பரவாயில்லை" என்று சொல்கிறவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்கிறோம். கர்ப்பிணி இருந்தால் அவரை முதலில் அனுப்புங்கள். வயிற்றில் உள்ள குழந்தையை இந்த வாயு தாயைவிட மோசமாகத் தாக்கும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கிறது. காரவனுக்குள்ளும் டென்டுக்குள்ளும் தூங்குகிற வழக்கம் உள்ளவர்கள் ஒன்று வாங்கி வையுங்கள். அதை நம்பிக் கரியை உள்ளே வைக்காதீர்கள்.

சரி, கரியை உள்ளே கொண்டுபோகவில்லை. பொறுப்பாக மணலைப் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போனார்கள். உள்ளங்காலில் தீக்காயத்தோடு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பொறுப்பான அப்பாக்களின் பிள்ளைகள். மணல் நெருப்பை அணைக்காது, போர்வை போர்த்திய மாதிரி சூட்டை உள்ளேயே காத்து வைக்கும். காலையில் பார்த்தால் வெறும் மணல். வெறுங்காலோடு கடலைப் பார்த்து ஓடுகிற பிள்ளைக்கு அடியில் கரி இருப்பது எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான் படுக்கப் போக வேண்டும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரைக் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. மஞ்சள், பற்பசை, முட்டையின் வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். ஆயா சொன்னார் என்று பூசிக்கொண்டு வருகிறார்கள். ஆயாவின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படுகிற பாட்டை அவர் பார்த்ததில்லை.

சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் நம்மவர்களில் அபூர்வம் என்பதால் இன்னொன்று. பல வருடச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கியவர், கரியில் கால் வைத்தால் வலி தெரியாமல் நாலடி நடந்துவிடுவார். அவருக்கு மணலிலும் மூடின ஷூ கட்டாயம். இன்சுலினைக் கூலர் பாக்ஸில் வையுங்கள், ஆனால் ஐஸைத் தொடும்படி வைக்காதீர்கள்; உறைந்துபோன இன்சுலின் வேலைக்கு ஆகாது. பக்கி வண்டியின் டாஷ்போர்டில் வெயிலில் கிடந்ததற்கும் அதே கதிதான்.

அக்டோபர், நவம்பரில் ஷாட் மீன் பிடிக்கத் தடை. டிசம்பர் பிறந்ததும் தூண்டில்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் மணல்மேட்டுப் புதர்ப் பாதையில் செருப்போடு நடப்பார்கள். பஃப் ஆடர் என்கிற விரியன் ஆள் வந்தால் விலகிப் போகாது, அசையாமல் கிடக்கும், மிதித்தால் கடிக்கும். டென்டுக்குள் வருவது பெரும்பாலும் மொசாம்பிக் துப்பும் நாகம். ராத்திரியில் தவளையையும் பல்லியையும் தேடி அலைகிற பாம்பு அது, தூங்குகிறவர்களையே கடித்துவிடுகிறது. தரைத்துணி சேர்த்துத் தைக்காத பழைய டென்ட் இதற்கு வசதி செய்து கொடுக்கும். தரை தைத்த டென்ட், எப்போதும் மூடிய ஜிப், முடிந்தால் தரைக்கு மேலே கட்டில்: இவ்வளவு இருந்தால் பெரும்பாலும் வராது.

கடித்துவிட்டால், நாகம் என்றதும் கும்பிடுகிறவர்களும் உண்டு, தடியைத் தேடுகிறவர்களும் உண்டு, இரண்டுக்கும் நேரமில்லை. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். இந்த இரண்டு பாம்பின் விஷமும் சதையை அழிப்பது. இறுக்கிக் கட்டினால் கட்டிய இடம் இன்னும் மோசமாகும். மோதிரம், வளையல் கழற்றிவிட்டு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் துப்பிவிட்டால் 20 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். விஷமுறிவு மருந்து ஒவ்வாமையாலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரிக்கு வெளியே போடுகிற ஊசி இல்லை.

ஆஸ்பத்திரி எங்கே என்பதைப் போவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். கேப் விடாலிலிருந்து செயின்ட் லூசியாவுக்கே 30 கிலோமீட்டருக்கு மேல், அந்த ஊரிலும் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. சோட்வானாவில் இருந்தால் ம்செலேனி, கோசி பேயில் இருந்தால் மங்குசி. பூங்கா கேட்டை இருட்டினால் பூட்டிவிடுவார்கள். அவசரத்தில் யாரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வது என்று ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 10177, செல்போனில் 112. சிக்னல் இல்லாத இடத்திலும் 112 வேலை செய்யும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வேறு கம்பெனியின் டவர் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். எந்த டவரும் இல்லாவிட்டால் எதுவும் பிடிக்காது.

கடலைப் பற்றி ஒரே வார்த்தை: டர்பன் கடற்கரையில் சுறாவைத் தடுக்கப் போட்டிருக்கிற வலை அங்கே இல்லை. வடக்கே கடைசி வலை ரிச்சர்ட்ஸ் பேயோடு முடிந்துவிடுகிறது.

கடைசியாகக் காய்ச்சல். டர்பனில் மலேரியா இல்லாததால் நமக்கு அந்த நினைப்பே வருவதில்லை. வடக்குக் கோடியில் அது இன்னும் இருக்கிறது. 1996-இல் டிடிடி என்கிற கொசு மருந்தைத் தெளிப்பதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாறினார்கள். அதற்கு அசையாத கொசு திரும்பி வந்து, 2000-ஆம் ஆண்டில் நாட்டில் 60,000-க்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது. மிக மோசமாக அடிபட்டது நம் க்வாசூலு-நட்டால் மாகாணம்தான். மறுபடி டிடிடியும் புது மாத்திரையும் வந்து அடக்கின. இப்போது இந்தப் பக்கம் ஆபத்து குறைவு. அந்தியிலிருந்து விடியும்வரை கையும் காலும் மூடிய உடை, டீட் என்கிற கொசுவிரட்டி கலந்த களிம்பு, கொசுவலை போதும். கோசி பே எல்லையைத் தாண்டி மொசாம்பிக்கின் பொன்டா டோ ஒரோவுக்கும் ஒரு நடை போய்வருகிறவர்கள் கணக்கு வேறு: முன்கூட்டியே வந்து தடுப்பு மாத்திரை கேளுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கொசு கடித்து ஏழு நாளாவது ஆகாமல் மலேரியாக் காய்ச்சல் வராது. அதற்குள் வேலைக்குத் திரும்பி, டென்டையும் மடித்து வைத்து மறந்திருப்பீர்கள். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கும் அதற்குப் பக்கத்தில் நெறிகட்டும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும். எதுவானாலும் "ஃப்ளூ மாதிரி இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே தங்கினீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மலேரியா ரத்தப் பரிசோதனையை அன்றே எடுக்கச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால், மறுநாள் மறுபடி வந்து எடுங்கள்.