ஏசி இல்லாத காரில் கோடைப் பயணம்: உடலைக் காப்பது எது?

மனித உடல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வெப்பம் முழுவதும் வெளியேறினால்தான் உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சருமத்தின் வெப்பநிலை 33 முதல் 35 டிகிரி வரை இருப்பதால், சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை வெப்பம் தானாகவே உடலிலிருந்து காற்றுக்குச் சென்றுவிடும். காற்று 35 டிகிரியைத் தாண்டியதும் இந்தப் போக்குவரத்தின் திசை மாறிவிடுகிறது. அதுவரை வெப்பத்தை வாங்கிக்கொண்டிருந்த காற்று இப்போது நமக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஏசி இல்லாத காரில் நெடுந்தூரம் செல்பவர் கண்ணாடியை எவ்வளவு இறக்குவது, என்ன உடுத்துவது, எப்போது கிளம்புவது என்று எதை முடிவு செய்தாலும், அதனால் வியர்வை உலருமா என்று பார்த்து முடிவு செய்தால் பெரும்பாலும் தவறாது.

இந்த ஒரு வழியின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு லிட்டர் வியர்வை சருமத்திலிருந்து முழுமையாக ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அது ஒரு மணி நேரத்தில் நடந்தால் 650 வாட்டுக்கும் அதிகமான குளிர்விப்புத் திறன் கிடைக்கிறது. ஓய்வில் இருக்கும் உடல் உண்டாக்கும் வெப்பத்தைப் போல அது 6 மடங்குக்கும் மேல். ஆனால், நெற்றியிலிருந்து வழிந்து சொட்டும் வியர்வையும், சட்டைக்கும் இருக்கைக்கும் இடையில் சிக்கி ஊறிக்கிடக்கும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை. அவை உடல் வீணாக இழந்த நீர் மட்டுமே.

கார் இந்த வேலையைப் பல வகைகளில் கடினமாக்குகிறது. உச்சி வெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. கண்ணாடி வழியாக உள்ளே வரும் ஒளியை டேஷ்போர்டும் இருக்கைகளும் விழுங்கிச் சூடாகின்றன. அவை திருப்பி உமிழும் நீண்ட அலைநீள அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி நேராக வெளியே விடுவதில்லை. அதைவிட முக்கியமாக, சூடான காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்புறக் காற்று சராசரியாக 47 டிகிரியையும், டேஷ்போர்டு 69 டிகிரியையும், ஸ்டீயரிங் 53 டிகிரியையும் எட்டின. நிழலில் நின்ற கார்களின் உட்புறக் காற்று 38 டிகிரி அளவிலேயே இருந்தது. பயணத்தின் நடுவே உணவுக்காக நிறுத்தும்போது சற்றுத் தொலைவு நடக்க நேர்ந்தாலும் மரநிழலைத் தேடி நிறுத்துவது எவ்வளவு பயனுள்ளது என்பதை இந்த வேறுபாடே காட்டுகிறது.

வெயிலில் நின்ற காரில் உடனே ஏறி உட்காருவதை விட, எல்லாக் கதவுகளையும் ஓரிரு நிமிடம் திறந்து வைத்துவிட்டு ஏறுவது நல்லது. உள்ளே அடைபட்ட காற்றின் எடை சில கிலோகிராம்தான் என்பதால் அது விரைவாக மாறிவிடும். டேஷ்போர்டும் இருக்கைகளும் தேக்கிவைத்திருக்கும் வெப்பமோ அவ்வளவு எளிதில் போகாது. காற்று மாறிய பிறகும் அவை வெகுநேரம் பயணிகளின் மீது வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கும். ஆகையால், நிறுத்தும்போதே முன்கண்ணாடிக்குள் ஒளியைத் திருப்பும் தட்டியை வைத்து, அந்தப் பரப்புகளைச் சூடாகவிடாமல் தடுப்பதுதான் சரியான முறை.

கார் ஓடத் தொடங்கியதும் காற்று எந்த வழியாக நுழைகிறது என்பது பலரும் எண்ணுவதற்கு நேர்மாறானது. முன் ஜன்னல் வழியாக வந்து பின் ஜன்னல் வழியாகப் போகும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், ஓடும் காரின் முன்பகுதியை வளைந்து கடக்கும் காற்று முன் ஜன்னல்களின் அருகே வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் குறைகிறது. பின் ஜன்னல்களின் அருகே அழுத்தம் ஒப்பீட்டளவில் கூடுதலாக இருக்கிறது. காருக்குள் நோய்க்கிருமிகள் பரவும் விதத்தை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட கணினி மாதிரியில், மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் காற்று பெரும்பாலும் பின் ஜன்னல்கள் வழியாக நுழைந்து முன் ஜன்னல்கள் வழியாக வெளியேறுவது தெரிந்தது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கினால் காற்றோட்டம் மிக அதிகம். இரண்டை மட்டும் இறக்க முடியும் என்றால், ஒரு பக்கத்துப் பின் கண்ணாடியையும் எதிர்ப்பக்கத்து முன் கண்ணாடியையும் இறக்கினால் காற்று காரைக் குறுக்காகக் கடந்து செல்லும். முன் கண்ணாடிகளை மட்டும் இறக்கிக்கொண்டு பின் இருக்கையில் இருக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் புழுக்கத்தில் விடும் பழக்கம் மாற வேண்டும் என்று இதனால்தான் வலியுறுத்துகிறேன். ஒரே ஒரு பின் கண்ணாடியைத் திறந்தால் காதை அடைக்கும் அதிர்வொலி எழுவதுண்டு. இன்னொரு கண்ணாடியைச் சிறிது இறக்கினால் அது நின்றுவிடும்.

எந்த வெப்பத்திலும் வேகமான காற்று நல்லதுதானா? இங்கே நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். வெளிக்காற்று 42 டிகிரியில் இருக்கிறது, அது நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் உடல்மீது வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோராயமாகக் கணித்தால், அந்தக் காற்றே உடலுக்குள் 140 வாட் வெப்பத்தைப் புகுத்துகிறது. உடலின் சொந்த வெப்பம் 100 வாட், ஜன்னல் வழியாக மேலே விழும் வெயில் ஒரு 100 வாட் என்று சேர்த்தால், மொத்தம் 340 வாட்டை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு மணிக்கு அரை லிட்டர் வியர்வை முழுதாக ஆவியாக வேண்டும். நன்றாக வியர்க்கும் ஒருவருக்கு, வறண்ட காற்றில் இது முடியக்கூடியதே, ஏனெனில் அதே காற்றுதான் ஆவியாதலையும் விரைவுபடுத்துகிறது. வயதானவர்களுக்கும் வியர்வையைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் அந்த அளவுக்குச் சுரப்பதில்லை. அவர்களுடைய உலர்ந்த சருமத்தின்மீது 42 டிகிரிக் காற்று வேகமாக வீசினால் அது சூடேற்றும் வேலையை மட்டுமே செய்யும். அப்போது கண்ணாடியை ஓரளவு ஏற்றிக் காற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சருமத்தை வெளியிலிருந்து நனைக்க வேண்டும். இரண்டாவது வழியே மேல்.

நனைத்த துணியைக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொள்வதும் சட்டையை நீர் தெளித்து ஈரமாக்கிக்கொள்வதும் உடல் தன் நீரைச் செலவழித்துச் செய்யும் வேலையைப் புட்டியிலிருக்கும் நீரிடம் ஒப்படைப்பதாகும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, அந்த நீர் சருமத்தின் வெப்பநிலையை அடைவதற்குள் ஏறக்குறைய 480 கிலோஜூல் வெப்பத்தைத்தான் எடுக்கும். ஒரு லிட்டர் சாதாரண நீர் ஆவியானால் அதைப் போல 5 மடங்கு எடுக்கிறது. அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் குளிரூட்டும் வசதியை அறிமுகப்படுத்திய பின்னும் நெடுங்காலம் அது எல்லோருக்கும் எட்டாத பொருளாகவே இருந்தது. அந்த ஆண்டுகளில் பாலைவனச் சாலைகளில் சென்றவர்கள், காரின் ஜன்னலில் உருளை வடிவக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். கார் ஓடும்போது அதற்குள் புகும் காற்று நீரில் ஊறிய திண்டின் வழியே கடந்து, குளிர்ந்து உள்ளே வரும். காரின் முன்புறத்தில் கித்தான் பைகளில் நீரைத் தொங்கவிட்டுச் சென்றவர்களும் இதே அறிவியலைத்தான் நம்பினார்கள்; பையிலிருந்து கசியும் நீர் ஓட்டத்தில் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது.

இவை பாலைவனத்தில் பயன்பட்டதற்குக் காரணம் காற்றின் வறட்சி. வெப்பநிலை 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் எனில், காற்றில் பிடித்த ஈரத்துணி ஏறக்குறைய 23 டிகிரிவரை குளிரும். வெப்பநிலை 35 டிகிரியாகக் குறைந்து ஈரப்பதம் 70 சதவீதமாக உயர்ந்தால், அதே துணி 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. வெப்பமானியில் 5 டிகிரி குறைவாகத் தெரியும் நாள் உடலுக்கு அதிகத் துன்பம் தருவதன் காரணம் இதுவே. ஈரத்துணியின் வெப்பநிலையே 35 டிகிரியை எட்டினால் நலமான உடலாலும் நெடுநேரம் தாங்க முடியாது என்று 2010-இல் வெளியான ஆய்வு கோட்பாட்டளவில் கணித்தது. பின்னர் மனிதர்களை வைத்து நடத்திய சோதனைகளில் அந்த எல்லை இன்னும் கீழே இருப்பது தெரியவந்தது. ஆகவே புறப்படும் நாளை முடிவு செய்யும்போது வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பாருங்கள்.

முதுகைப் பற்றிப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. இருக்கையோடு ஒட்டிய முதுகும் தொடைகளின் பின்புறமும் காற்றே படாத பரப்புகள். ரெக்ஸின் உறை போட்ட இருக்கையானால் அங்கே ஆவியாதல் அறவே நின்றுவிடுகிறது. மரமணிகள் கோத்த விரிப்பு மணிகளுக்கு நடுவே காற்று நுழைய இடைவெளி தருவதால், எளிய பொருளானாலும் உண்மையில் பயன் தருகிறது.

நீர் விஷயத்தில் காற்றோட்டமே நம்மை ஏமாற்றிவிடும். வியர்வை சுரந்த உடனே உலர்ந்துவிடுவதால், மணிக்கு அரை லிட்டர் இழந்தாலும் சட்டை நனைவதில்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், லேசான நீரிழப்பு உள்ளவர்கள் காரோட்டுவதைப் போலச் செய்துபார்க்கும் சிமுலேட்டர் கருவியில் இரண்டு மணி நேரம் ஓட்டியபோது செய்த பிழைகள் 101. போதிய நீர் அருந்தியபோது 47. பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், ஓட்டுநர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும் என்பதற்கு இது போதிய எச்சரிக்கை. பல மணி நேரம் வியர்த்த பிறகு வெறும் நீரை மட்டும் ஏராளமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும் ஆபத்து உண்டு; நீரோடு உப்புள்ள உணவும் சேர வேண்டும்.

காற்றின் வெப்பநிலை உச்சத்தைத் தொடுவது பிற்பகலில், பெரும்பாலும் 3 மணியை ஒட்டி. மிகக் குறைவது சூரிய உதயத்தின்போது. விடியலுக்கு முன் கிளம்பி, நண்பகலில் நிழலில் தங்கி, மாலையில் தொடர்வதற்கு ஈடான வேறு உபாயம் இல்லை. உடலும் பழகிக்கொள்ளக்கூடியது: ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை நாள்தோறும் வெப்பத்தில் இருந்தால் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு இந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

குழந்தைகளின் உடல் பெரியவர்களுடையதைவிட மிக விரைவாகச் சூடேறும். நிறுத்திய காரில் அவர்களைச் சில நிமிடங்கள்கூடத் தனியே விடக் கூடாது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பது உள்வெப்பத்தை ஏறக்குறைய குறைப்பதே இல்லை. தலைவலி, குமட்டல், தளர்ச்சி ஆகியவை தோன்றினால் பயணத்தை நிறுத்தி நிழலில் இளைப்பாற வேண்டும். பேச்சு குழறினால், நடத்தை மாறினால், நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடலின் உள்வெப்பநிலை அப்போது பெரும்பாலும் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் நீரை ஊற்றி, விடாமல் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.