ரசீதில் வராத விற்பனை வரி

நியூ ஜெர்சி மாநில வருமான வரிப் படிவத்தில், இணையத்திலோ அஞ்சல் மூலமாகவோ வெளிமாநிலத்திலோ வாங்கிய பொருள்களுக்கான பயன்பாட்டு வரியை எழுதுவதற்கென்று ஒரு கட்டம் உண்டு. வரிக் கணக்குத் தயாரிப்பவன் என்ற முறையில் அந்தக் கட்டத்துக்கு வரும்போது, அப்படி ஏதாவது வாங்கினீர்களா என்று நான் கேட்பது வழக்கம். “அமேசானே வரியைப் பிடித்துக்கொள்கிறதே, இது எதற்கு?” என்று பெரும்பாலானோர் திருப்பிக் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடைக்காரர் வரி கேட்கவில்லையென்றால் வரியே கிடையாது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது, அது தவறு. வாங்குபவருக்கு அந்தத் தவறினால் வரும் செலவு பெரும்பாலும் சில நூறு டாலரோடு நின்றுவிடும். வீட்டிலிருந்தபடியே புடவையும் நகையும் விற்கும் நம்மவர்களுக்கோ அது பல ஆண்டுச் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் விற்பனை வரி என்பது மத்திய அரசின் வரி அன்று. 45 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தத்தம் சட்டப்படி அதை வசூலிக்கின்றன. டெலாவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன், அலாஸ்கா ஆகிய ஐந்தில் மாநில அளவிலான விற்பனை வரி இல்லை. அலாஸ்காவில் மட்டும் சில ஊராட்சிகள் தாமாக வசூலிக்கின்றன. விற்பனை வரி உள்ள மாநிலங்களில் அதற்கு இணையாகப் பயன்பாட்டு வரியும் இருக்கிறது. விற்பவர் வரி வாங்காமல் பொருளைக் கொடுத்துவிட்டால், அந்தப் பொருளைத் தன் மாநிலத்தில் பயன்படுத்துபவர் அதே வீதத்தில் வரியைத் தாமே செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே ரசீதில் வரி இல்லையென்றால், செலுத்தும் பொறுப்பு கடைக்காரரிடமிருந்து வாங்கியவரிடம் வந்து சேர்ந்திருக்கலாம்.

இணையத்தில் வாங்கினால் வரி இல்லை என்ற எண்ணம் நம்மிடையே ஊன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. வெளிமாநிலத்தில் கடையோ கிடங்கோ ஊழியரோ இல்லாத வணிகரை அந்த மாநிலத்துக்காக வரி வசூலிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று, அஞ்சல் வழி வணிகம் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1967-இலும், பிறகு குவில் நிறுவன வழக்கில் 1992-இலும் தீர்ப்பளித்தது. அப்போது இணைய வணிகம் என்ற ஒன்றே இல்லை. பின்னர் அது பெருகப் பெருக, மாநிலங்களின் வருவாய் கசிந்தது. வருமான வரியே இல்லாத தெற்கு டகோட்டா போன்ற மாநிலத்துக்கு இது கடுமையான இழப்பு. அந்த மாநிலம் 2016-இல் ஒரு சட்டம் இயற்றியது: ஓராண்டில் தன் மாநிலத்துக்குள் 1,00,000 டாலருக்கு மேல் விற்பவரோ, 200 தனித்தனி விற்பனைகளோ அதற்கு மேலோ செய்பவரோ, அங்கே கடை வைத்திருக்காவிட்டாலும் வரி வசூலிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். வேஃபேர் உள்ளிட்ட இணைய வணிக நிறுவனங்கள் மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 ஜூன் 21 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தெற்கு டகோட்டா வென்றது. நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதிய தீர்ப்பு குவில் வழக்கின் விதியை நீக்கியது. அதன்பின் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தன. மாநில விற்பனை வரி உள்ளவற்றுள் கடைசியாக மிசூரியில் 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

கூடவே இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அமேசான், எட்சி, ஈபே போன்ற சந்தைத் தளங்களின் வழியாக யார் விற்றாலும், வரியைக் கணக்கிட்டு வசூலித்து மாநிலத்துக்குச் செலுத்துவது தளத்தின் பொறுப்பு என்று மாநிலங்கள் சட்டம் இயற்றின. இன்று நம்மில் பலரும் வரியைக் கவனிக்காமலேயே செலுத்திவிடுவதற்கு இதுவே காரணம். அப்படியும் மிச்சமிருக்கும் இடங்கள் உண்டு. சிறு வணிகரின் சொந்த இணையதளம், வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் விற்பனை, சென்னையிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ நேரே வரவழைக்கும் பட்டுப்புடவை, டெலாவேரில் கடைக்குப் போய் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் மடிக்கணினி ஆகியவற்றின் ரசீதில் பெரும்பாலும் வரி இருக்காது.

மடிக்கணினியையே எடுத்துக்கொள்வோம். 2,000 டாலர் கொடுத்து டெலாவேரில் வாங்கி நியூ ஜெர்சியில் பயன்படுத்தினால், 6.625 சதவீத வீதத்தில் 132 டாலர் 50 சென்ட் பயன்பாட்டு வரியாகச் செலுத்த வேண்டும். டெலாவேரில் இருக்கும் நண்பரின் முகவரிக்கு இணையத்தில் வரவழைத்து எடுத்துவந்தாலும் கணக்கு அதேதான். 4 சதவீத வரி வாங்கும் மாநிலத்தில் முறையாக வரி கொடுத்து வாங்கியிருந்தால், மீதமுள்ள 2.625 சதவீதம் மட்டும் போதும். மாறாக, வாங்கியது புடவையாக இருந்தால் நியூ ஜெர்சியில் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. உடைகளுக்கு இங்கே வரிவிலக்கு உண்டு. சிறு பொருள்களுக்கு ஒவ்வொரு ரசீதையும் தேடிக் கூட்ட முடியாதவர்கள், வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு மாநிலமே தரும் அட்டவணைத் தொகையை எழுதிவிடலாம். 1,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பொருள்களை மட்டும் தனியே கணக்கிட வேண்டும். கலிஃபோர்னியாவிலும் இத்தகைய அட்டவணை உண்டு. வருமான வரி இல்லாத டெக்சாஸில் இதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது.

இந்தியப் பயணத்தில் நகை வாங்கி வருபவர்கள், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில் வசிப்பவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிக் கையோடு கொண்டுவரும் பொருள்களில் முதல் 800 டாலருக்கு அங்கே பயன்பாட்டு வரி விலக்கு உண்டு. பார்சலில் வருபவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. விமான நிலையத்தில் சுங்கத்துறைக்கு நாம் எழுதிக்கொடுக்கும் விவரங்கள் மாநில வரித்துறைக்கும் கிடைக்கின்றன. சுங்க வரி செலுத்தியாகிவிட்டது என்பதால் மாநில வரி நீங்கிவிடுவதில்லை.

இனி விற்பவர்களிடம் வருகிறேன். என் கவலை இங்கேதான் அதிகம். என்னிடம் வரும் வீட்டு வணிகர்கள் பலரின் கதை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு சந்தைத் தளத்தில் கொஞ்சம் விற்பார்கள். நம்பிக்கை வந்ததும் சொந்த இணையதளம் தொடங்குவார்கள். பண்டிகைக் காலத்தில் முகநூல் நேரலையில் புடவைகளைக் காட்டி விற்று, பணத்தை ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக வாங்கிக்கொள்வார்கள். “தளம்தான் வரி கட்டிவிடுகிறதே” என்று முதல் வகை விற்பனைக்குப் பொருந்தும் உண்மையை மற்ற இரண்டுக்கும் சேர்த்து நம்பிவிடுவார்கள். தளம் தன் வழியாக நடந்த விற்பனைக்கு மட்டுமே வரி கட்டுகிறது. நேரலையில் விற்றதற்கும் சொந்த இணையதளத்தில் விற்றதற்கும் அவர்களே பொறுப்பு.

வசிக்கும் மாநிலத்தில் வரம்புத் தொகை என்ற பேச்சே இல்லை. வீட்டிலிருந்து வணிகம் செய்வதே அந்த மாநிலத்தோடு தொடர்பை உண்டாக்கிவிடுகிறது. வரிக்குரிய பொருளின் முதல் விற்பனைக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் புடவைக்கு வரி இல்லையென்று சொன்னேன். ஆனால் அதனோடு சேர்த்து விற்கும் கவரிங் நகைக்கும் கைப்பைக்கும் வரி உண்டு. அதே புடவையை டெக்சாஸுக்கு அனுப்பினால் அது வரிக்குரிய பொருளாகிவிடுகிறது. மாநிலமும் ஊராட்சியும் சேர்ந்து 8.25 சதவீதம் வரை இருக்கலாம். மாசசூசெட்ஸில் ஓர் உடைக்கு 175 டாலர் வரை விலக்கு, மேலே உள்ள தொகைக்கு மட்டும் வரி. மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பும்போது பொருள் போய்ச் சேரும் முகவரியே வீதத்தையும் விலக்கையும் முடிவு செய்கிறது என்பதால், எல்லோருக்கும் ஒரே வீதம் போட்டு விற்பது எந்த மாநிலத்திலும் சரியாக அமையாது.

வெளிமாநிலங்களில் வரம்பு உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 5,00,000 டாலர். நியூயார்க்கில் 5,00,000 டாலருக்கு மேல் விற்பனையும் 100-க்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும். சிறு வணிகர்கள் அஞ்ச வேண்டியது இந்தப் பெரிய தொகைகளை அன்று. 200 விற்பனை என்ற வரம்பைத்தான். ஜார்ஜியா, ஓஹையோ போன்ற மாநிலங்களில் 1,00,000 டாலரோ 200 விற்பனையோ எது முதலில் வந்தாலும் கடமை தொடங்கிவிடும். பதினைந்து டாலர் தோடு விற்பவர் 3,000 டாலர் விற்பனையிலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடுவார். இது சிறியவர்கள் மீது சுமத்தப்பட்ட நியாயமற்ற சுமை என்றே நான் கருதுகிறேன். தெற்கு டகோட்டாவே 2023-இல் எண்ணிக்கை வரம்பை நீக்கிவிட்டது, இந்தியானாவும் வட கரோலினாவும் 2024-இல் நீக்கின. நீக்காத மாநிலங்களில் சட்டம் சட்டம்தான்.

கிடங்கு பற்றியும் சொல்லியாக வேண்டும். பொருள்களைச் சந்தைத் தளத்தின் கிடங்குக்கு அனுப்பிவிட்டால், தளம் அவற்றைத் தன் வசதிக்கேற்ப வேறு மாநிலங்களுக்கு நகர்த்தும். டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ உங்கள் சரக்கு இருந்தால் அந்த மாநிலத்தோடு உங்களுக்கு நேரடித் தொடர்பு ஏற்பட்டதாகவே கொள்ளப்படும். பிறகு சொந்த இணையதளம் வழியாக அங்கே நீங்கள் விற்பவற்றுக்கு 5,00,000 டாலர் வரம்பு துணைக்கு வராது. சரக்கு எந்தெந்த மாநிலத்தில் இருக்கிறது என்ற அறிக்கையைத் தளத்திலிருந்து தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பதற்கென்று மறுவிற்பனைச் சான்றிதழ் கொடுத்து வரியின்றி வாங்கிய சரக்கிலிருந்து ஒன்றைச் சொந்தப் பயன்பாட்டுக்கோ பரிசாகவோ எடுத்தால், அது வரிக்குரிய பொருளாக இருக்கும்பட்சத்தில் பயன்பாட்டு வரி உண்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வாடிக்கையாளரிடம் வரியை வாங்கிவிட்டு மாநிலத்துக்குக் கட்டாமல் இருப்பது. அந்தப் பணம் ஒரு நாளும் வணிகருடையதாகாது. மாநிலத்துக்காக அவர் கையில் இருக்கும் நம்பிக்கைப் பணம் அது. நிறுவனமாகப் பதிவு செய்திருந்தாலும் பொறுப்பாளரிடமிருந்து தனிப்பட்ட முறையில் அதை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. பதிவு செய்யாமலேயே “டாக்ஸ்” என்று எழுதிப் பணம் வாங்குவதும் குற்றமே. பதிவு செய்தபின் விற்பனையே இல்லாத காலாண்டுக்கும், சுழியம் என்றாவது படிவம் அனுப்ப வேண்டும்.

வரியை வாங்காமலே விட்டவர்களின் நிலை வேறு. ஒரு மாநிலத்துக்கு 1,50,000 டாலருக்கு விற்று 8 சதவீத வரியை வாங்காமல் விட்டிருந்தால், 12,000 டாலரை வணிகர் தம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். வட்டியும் அபராதமும் அதற்கு மேல். படிவமே அனுப்பாத ஆண்டுகளுக்குக் காலவரம்பு தொடங்குவதில்லை என்பதால், எத்தனை ஆண்டு பின்னோக்கியும் மாநிலம் கேட்க முடியும். ஆனால் பல மாநிலங்களில் தாமாக முன்வந்து தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. அதில் சேர்ந்தால் பொதுவாக 3 அல்லது 4 ஆண்டுகளுக்கான வரியையும் வட்டியையும் செலுத்தினால் போதும், அபராதம் தள்ளுபடியாகும். பல மாநிலங்களில் பாக்கி உள்ளவர்கள் பன்மாநில வரி ஆணையத்தின் வழியாக ஒரே விண்ணப்பத்தில் இதைச் செய்யலாம். வசூலித்துக் கட்டாத வரிக்கு மட்டும் இந்தச் சலுகை நீளாது. அதை முழுவதுமாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த வாய்ப்பு, மாநிலத்திலிருந்து முதல் கடிதம் வருவதற்கு முன்புவரைதான் திறந்திருக்கும். கடிதம் வந்தபின் என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது குறைவு. ஆகவே இந்த வாரமே உங்கள் இணையதளத்திலிருந்தும் நேரலைக் கணக்குப் புத்தகத்திலிருந்தும், தேதி, தொகை, பொருள் வகை, அனுப்பிய மாநிலம், விற்ற வழி ஆகிய ஐந்து விவரங்களோடு ஒரு பட்டியல் தயாரித்து, மாநிலவாரியாகக் கூட்டிப் பாருங்கள். பல மாநிலங்கள் வரம்பைக் கணக்கிடும்போது வரிவிலக்குள்ள விற்பனையையும் சேர்த்துக்கொள்வதால், புடவை விற்பனையையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.