சிவப்பு எழுத்தில் வராத பிழை

டர்பனில் முதுகலை ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியலில் உதவுவது என் வேலை. நர்சிங், பொதுச் சுகாதாரம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். கிளினிக் கிளினிக்காக அலைந்து தரவு சேர்த்திருப்பார்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் நாலு வரி எழுதியதும் சிவப்பில் ஒரு செய்தி வரும். "அக்கா, எனக்கு இது சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இவ்வளவு உழைத்த பிள்ளைகள் ஒரு கமாவுக்காகப் பின்வாங்குவது எனக்கு மனசு கேட்பதில்லை.

முதலில் அந்தச் செய்தியைப் படியுங்கள். 'அன்எக்ஸ்பெக்டட் சிம்பல்' (எதிர்பாராத குறியீடு) என்று ஒரு சொல்லைக் காட்டினால், தவறு பெரும்பாலும் அந்தச் சொல்லில் இருக்காது. அதற்குச் சற்று முன்னால் கமா விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் மேல்வரியில் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும். மேற்கொண்டு படிக்க முடியாமல் தான் நின்ற இடத்தைத்தான் மென்பொருள் காட்டுகிறது. அங்கிருந்து பின்னோக்கித் தேடுங்கள். செய்திகள் வரிசையாக வந்தாலும் முதலாவதை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். மற்றதில் பாதி தானாகவே போய்விடும்.

செய்தியே வராமல் வரித் தொடக்கத்தில் ஒரு கூட்டல்குறி மட்டும் நிற்கிறதா? கட்டளை இன்னும் முடியவில்லை என்று ஆர் காத்திருக்கிறது. எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, மூடாத அடைப்புக்குறியையோ மேற்கோள்குறியையோ பாருங்கள். வேர்டில் அடித்து ஒட்டிய மேற்கோள்குறி வளைந்திருக்கும். ஆர் அதை ஏற்காது. வேறு புள்ளியியல் மென்பொருள் பயன்படுத்தினால், எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் கட்டளை முடிவில் முற்றுப்புள்ளி, ஸ்டேட்டாவில் 'இஃப்' நிபந்தனையில் சமம் என்று சொல்ல இரட்டைச் சமக்குறி (==). இவற்றை மறக்காதீர்கள்.

இதெல்லாம் பரவாயில்லை, மென்பொருள் நின்று சொல்லிவிடுகிறது. எனக்குப் பயம் சொல்லாமல் போகிற பிழைதான். தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் கமா போடுவதுதான் அதிகாரபூர்வ வழக்கம். ஆருக்கோ கமா என்றால் அடுத்த மதிப்பு. மூன்று பேரின் எடையை 72,5, 68,4, 81,3 என்று, மதிப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் 'சி' கட்டளையின் அடைப்புக்குறிக்குள் அடித்தால், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஆறு எண்களாக எடுத்துக்கொள்ளும். சராசரி 74.1 வர வேண்டிய இடத்தில் 38.8 வரும். அது அப்படியே ஆய்வேட்டுக்குள் போய்விடலாம்.

எக்செல் கோப்பிலும் இதே தொல்லை உண்டு. கணினியின் வட்டார அமைப்பு தென்னாப்பிரிக்கா என்று இருந்தால், சி.எஸ்.வி. (மதிப்புகளைக் குறியால் பிரித்து வைக்கும் எளிய உரைக்கோப்பு) ஆகச் சேமிக்கும்போது தசமத்துக்குக் கமாவும் நெடுவரிசைகளுக்கு நடுவே அரைப்புள்ளியும் விழும். அதை ஆரில் திறக்க 'ரீட் டாட் சி.எஸ்.வி.' (read.csv) கொடுத்தால் எல்லாம் குழம்பும். கூடவே 2 சேர்த்து 'ரீட் டாட் சி.எஸ்.வி.2' (read.csv2) என்று கொடுங்கள்; இந்த வழக்கத்துக்காகவே இருக்கும் கட்டளை அது. அரைப்புள்ளியை மட்டும் சொல்லிவிட்டுத் தசமக் கமாவைச் சொல்லாமல் விட்டால், எடை முழுவதும் எழுத்தாகப் பதிந்து, சராசரி கேட்டால் 'என்.ஏ.' (NA, மதிப்பு இல்லை) என்று வரும்.

அதனால் கோப்பைத் திறந்த கையோடு ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்று காட்டும் 'எஸ்.டி.ஆர்.' (str) கட்டளை கொடுத்து, எடைக்குப் பக்கத்தில் 'நம்' (num, எண்) என்று இருக்கிறதா, 'சி.ஹெச்.ஆர்.' (chr, எழுத்து) என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் 'சம்மரி' கொடுத்து மிகக் குறைந்த மதிப்பைப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் எடை 3 கிலோ என்று காட்டினால், எத்தனை பேரிடம் எடை எடுத்தீர்களோ அத்தனை எண்கள்தான் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.